‘தாமதமாகக் கொண்டுவரப்பட்டதால்’

போன மாதம் எங்கள் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த பிரதேச நிருபர் ஒருத்தி வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். “அக்கா, குளவிச் செய்திக்கு உங்ககிட்ட ஒரு ஃபோமட் இருக்காம். அனுப்புங்களேன். தோட்டத்துப் பேரையும் ஆள் தொகையையும் மாத்திட்டாப் போதும்னு ஒஃபிஸ்ல சொல்றாங்க. இல்லாட்டியும் பரவால்ல, இப்ப ஃபோன்ல கேட்டா அதுவே எழுதித் தருது.”

பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ‘இன்று காலை இன்ன தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இத்தனை தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி இன்ன வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்ததாலேயே இச்சம்பவம் நேர்ந்ததாகத் தெரிவிக்கப்படுகின்றது.’ மலையகத்தில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் இது மனப்பாடம். எனக்கு முன்னால் இருந்த நிருபர் எனக்குத் தந்தது, அவருக்கு யார் தந்தாரோ தெரியாது. நிருபருக்குக் குளவியைப் போல நல்ல எதிரி கிடைக்காது. அது மறுப்பறிக்கை அனுப்பாது, வழக்குப் போடாது, ஆசிரியருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து ஏசாது.

அவள் கேட்டதை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு அந்த நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறேன். கல்யாணம் கட்டவில்லை. ஓய்வு பெற்ற நிருபரை யாரும் தேடி வருவதில்லை, வேலையில் இருந்தபோது வந்தவர்களும் பத்திரிகையைத் தேடித்தான் வந்தார்கள். பேச ஆள் இருந்தால் பேசியே தீர்த்திருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்துக் கிளாக்கர். கொன்வென்ட்டில் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலத்தில், பங்குச் சுவாமியார் சொல்லித் திருநாள் செய்தி ஒன்றை எழுதி அனுப்பினேன். பிரசுரமானது. ஆசிரியர் வேலை கடைசிவரை வரவில்லை, செய்தி எழுதுவது நின்றபாடில்லை. பயிற்சி என்றால் கொழும்பு ஒஃபிஸில் சில நாள் ஒரு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததுதான். மற்றதெல்லாம் பஸ்ஸில் படித்தது.

காலையில் முதல் வேலை தொலைபேசி. பொலிஸ், அடுத்து ஆஸ்பத்திரி, அடுத்து பிரதேச சபை. ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. எத்தனை பேர், எந்தத் தோட்டம், யாராவது ஆபத்தான நிலையில் இருக்கிறார்களா. இவ்வளவும் கிடைத்தால் செய்தி முடிந்தது. ஏன் என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர் அவசரமாக வேறு வேலை இருப்பதாகச் சொல்வார். அதனால் ஏன் என்பதைக் கொழும்பில் மேசையில் இருந்தவர்களே போட்டுக்கொண்டார்கள். டெங்கு என்றால் பொதுமக்கள் சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருக்காதது. குப்பை வண்டி அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வருவதே இல்லை என்பதற்கு இடம் கிடைக்காது. வயிற்றோட்டம் என்றால் கொதித்தாறிய நீர் பருகாதது.

ஒரு தடவை கண்டியில் ஒரு ஹோட்டலில் போஷாக்குக் கருத்தரங்கு நடந்தது. தோட்டத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கீரை கொடுப்பதில்லை, அவர்களுடைய அறியாமையே பிள்ளைகளின் நிறைக் குறைவுக்குக் காரணம் என்று மேடையில் ஒருவர் படம் போட்டு விளக்கினார். என் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா இருந்தார். “கீரைய நடுறதுக்குத் தோட்டத்துத் தொரை எடம் குடுக்கணுமே மிஸ். போன மாசந்தான் பாத்தியப் புடுங்கிப் போட்டாங்க” என்று என் காதில் முணுமுணுத்தார். இரண்டையும் எழுதி அனுப்பினேன். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் கீரை இருந்தது, துரையைக் காணவில்லை.

வெட்டியவர் எங்கள் பிராந்தியச் செய்தி ஆசிரியர். யாழ்ப்பாணத்தவர். பரா சேர் என்போம். அவருடைய முகத்தைப் பார்த்ததைவிட அவருடைய குரலைக் கேட்ட நாட்கள்தான் அதிகம். நான் அனுப்பிய செய்தியை எனக்கே தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார், கோயிலில் வாசகம் வாசிப்பதைப் போல நிறுத்தி நிறுத்தி. பிடிக்காத வரி வந்தால் பென்சிலால் மேசையில் தட்டுவது இங்கே கேட்கும்.

“பிள்ளை, இதை ஆர் சொன்னது?”

“ஊருக்கே தெரியும் சேர்.”

“ஊருக்கு வாய் இருக்கு, கையெழுத்து இல்லை. நாளைக்கு வழக்கெண்டால் ஊர் வந்து கோட்டில ஏறுமோ? பேரோட ஒரு ஆளைச் சொல்லும், போடுறன்.”

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கும் பயந்தவரும் இல்லை. பேர் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் அமைச்சரைப் பற்றிய செய்தியையும் எழுத்து மாறாமல் போடுவார். கலவரத்தில் வீட்டையும் அதிலிருந்தவர்களையும் இழந்தவர் என்று ஒஃபிஸில் சொல்வார்கள், அவர் வாயால் நான் கேட்டதில்லை. நத்தாருக்கு நத்தார் கோல் எடுத்து, “பாலன் பிறந்திட்டாரோ?” என்று கேட்பார். கேட்டுவிட்டு வைக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். இரண்டு தனிக்கட்டைகள் ஆளுக்கொரு ஊரில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

மகேஸ்வரி இறந்தது அவருடைய காலத்தில்தான்.

புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டம். பெயரைச் சொல்லவில்லை, அந்தச் சனங்கள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். மகேஸ்வரி கொழுந்து பறிக்கிற பெண். பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்தது. கூடையைத் தலையில் மாட்டியிருந்ததால் மற்றவர்களைப் போல ஓட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. நான் எப்போதும் போல அனுப்பினேன். அன்று பின்னேரம் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு வரி கூடுதலாக வந்தது. கொழும்பு மேசை அதை அப்படியே எடுத்து என் செய்தியின் வாலில் ஒட்டிவிட்டது. ‘தாமதமாகக் கொண்டுவரப்பட்டதால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை என வைத்தியசாலை வட்டாரங்கள் தெரிவித்தன.’ மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இதே வரிதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மகேஸ்வரியின் கணவர் கண்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செல்வராஜ் என்று பெயர். மொட்டையடித்த தலை, கையில் நாலாக மடித்த பத்திரிகை. புசல்லாவையில் பத்திரிகை விற்கிற கடையில் விசாரித்து வந்திருந்தார். கதிரையைக் காட்டினேன், நுனியில் உட்கார்ந்தார்.

“மிஸ், நான் லேட்டாக்கல” என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மெதுவாகத்தான் விஷயம் வந்தது. மகேஸ்வரியின் அண்ணன் சிவலிங்கம் அக்குறணையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. எழவு வீட்டுக்கே பத்திரிகையோடு வந்திருக்கிறார்.

“எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுனாரு மிஸ். ‘பேப்பர்லயே போட்டுட்டான். என் தங்கச்சி துடிக்கிறப்ப நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்த’ன்னு கேட்டாரு. நான் என்னாத்தச் சொல்ல. நேத்து காரியம் முடிஞ்சதும் எம் மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ‘பொண்டாட்டியக் காப்பாத்தத் துப்பில்லாதவன் புள்ளையக் காப்பாத்துவியா’ன்னுட்டாரு.”

மகள் நிரோஷா ஐந்தாம் வகுப்பு. ஒரே பிள்ளை.

“அவளும் ஒண்ணும் பேசல மிஸ். பேக்கத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போயிட்டா. பேப்பர்ல வந்தத அவளும் படிச்சிருக்கா.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு வரி போதும் மிஸ். நான் லேட்டாக்கலன்னு ஒரு வரி போட்டுட்டீங்கன்னா, அதக் காட்டிப் புள்ளையக் கூட்டியாந்துருவேன்.”

அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போகிற சாக்கில் நான் குசினிக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது. ஒரு வரி. அதைக் கேட்டு இவ்வளவு தூரம் ஒரு மனிதன் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

பரா சேரிடம் சொன்னேன். பென்சில் தட்டியது. “புருஷன் சொன்னால் அது புருஷன்ர கதை, பிள்ளை. வேற ஆரும் கண்டவையோ? பேரோட கொண்டு வாரும்.”

அந்த வார இறுதியில் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு ஒரு பழக்கம், சம்பவம் நடந்த இடத்திலிருந்து அது முடிந்த இடம் வரைக்கும் நடந்து பார்ப்பது. ஆட்கள் சொல்லும்போது விட்டுவிடுவதைக் கால் கண்டுபிடித்துவிடும். செல்வராஜ் முன்னால் நடந்தார், நான் பின்னால்.

மலை ஏறியதும் புரிந்தது. பாதி தேயிலை, பாதி காடு. மானாப்புல் என் தோளுக்கு வளர்ந்திருந்தது. புல்வெட்டுக்கு ஆள் போட்டு நாளாகிவிட்டதாம். குளவிக்கூடு இருந்த டர்பன்டைன் மரத்தைக் காட்டினார். கூடு இருப்பதைப் பெண்கள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார்கள். அந்த மலைக்குப் போகாவிட்டால் அரைநாள் சம்பளம்தான் என்று பதில் கிடைத்திருக்கிறது.

செல்வராஜ் அன்று பக்கத்து மலையில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். கூச்சல் கேட்டு ஓடிவந்து மனைவியை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். படிக்கட்டு கிடையாது, மழைக்கு அறுந்த ஒற்றையடிப் பாதைதான். வெறுங்கையோடு இறங்கிய நானே இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எந்தெந்தக் கல்லில் மனைவியை இறக்கி வைத்தார் என்று காட்டிக்கொண்டே போனார். ஒரு கல்லில் மட்டும் நின்று, “இங்கன தண்ணி கேட்டா” என்றார்.

கீழே மருந்துக் காம்பிரா பூட்டிக் கிடந்தது. நான் போன நாளிலும் பூட்டித்தான் கிடந்தது. மருந்து கொடுக்கிற ஐயா பக்கத்துத் தோட்டத்தையும் பார்க்கிறாராம். அங்கிருந்து ஃபெக்டரி. சம்பவத்தன்று லொறி கொழுந்தோடு வந்து நின்றது. கொழுந்தை எடை போட்டு இறக்கும் வரையில் மகேஸ்வரி கேற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் கிடந்தாள். பிறகுதான் லொறி புறப்பட்டது. இவ்வளவுதான் அந்தத் தாமதம். காட்டு மலை, பூட்டிய காம்பிரா, வாடிப்போகக் கூடாத கொழுந்து. செல்வராஜ் ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்குப் போனதைத் தவிர அதில் அவருடைய பங்கு ஒன்றுமில்லை.

இனி வேண்டியது ஒரு பெயர்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். பெண்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒருத்தி விட்டதை மற்றவள் எடுத்துக்கொடுத்தாள். முடிவில் எல்லோரும் ஒரே குரலில், “எங்க பேரு வேணாம் மிஸ்” என்றார்கள். குடியிருக்கிற காம்பிரா தோட்டத்துடையது, வேலை தோட்டத்துடையது. நான் வற்புறுத்தவில்லை. கங்காணி தனியாகக் கூப்பிட்டு, கூட்டைப் பற்றித் தானே துரையிடம் சொன்னதாகச் சொன்னார். அவருக்கும் பெயர் வேண்டாம். லொறி டிரைவர் அழுதேவிட்டார். “ஃபெக்டரி ஐயா சொல்லாம வண்டிய எடுத்தா எனக்கு நாளைக்கு வேலை இல்ல மிஸ். அந்த அக்கா எனக்கு வெத்தலை மடிச்சுத் தந்தவங்க. பேரப் போட்றாதீங்க, புள்ளைங்க இருக்கு.” ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, சிங்களப் பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், மேலிடத்து அனுமதி இல்லாமல் தங்களால் வாய் திறக்க முடியாது என்று.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தை யார் மீது காட்டுவது என்று தெரியவில்லை. ஒரு மலைக்கே தெரிந்த உண்மை, அதைச் சொல்ல மலையில் ஒரு பெயர் இல்லை. பயந்தவர்களைக் கோபித்து என்ன செய்ய. நான் இறங்கிப் போய்விடுவேன், அவர்களுக்கு அங்கேயேதான் விடிய வேண்டும்.

இரவே பரா சேரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் பென்சிலைத் தட்டவில்லை.

“நீர் அந்தப் பாதையால நடந்தனீரோ?” என்று கேட்டார்.

“நடந்தேன் சேர்.”

“காம்பிரா பூட்டியிருந்ததைக் கண்டனீரோ?”

“கண்டேன்.”

“அப்ப உமக்கு வாய் இருக்குதானே. நீர் கண்டதை நீரே எழுதும். உம்மட பேரைப் போடுவம்.”

அதுவரைக்கும் நான் ‘புசல்லாவை நிருபர்’, ‘கண்டி நிருபர்’ என்றுதான் அச்சில் இருந்தேன். முதல் தடவையாக ஸ்டெல்லா என்று போட்டு, ‘நான் நடந்தேன்’ என்று ஆரம்பித்து எழுதினேன். தாமதம் எங்கெங்கே நடந்தது, அது கணவருடையது அல்ல என்று நேராகவே சொன்னேன். பரா சேர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. தலைப்பு மட்டும் அவருடைய மேசையைத் தாண்டி வேறு யாரோ போட்டது. ‘தோட்டங்களில் தொடரும் குளவி அச்சுறுத்தல்’ என்று இருந்தது. பக்கத்தில் பெரிதாக ஒரு குளவிக்கூட்டின் படம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்ட நிர்வாகம் சும்மா இருக்கவில்லை, மருந்தடிக்க ஆள் பிடித்துக் கண்ணில் பட்ட குளவிக்கூட்டையெல்லாம் எரித்தது. காம்பிரா பூட்டியபடியே இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கேற்றில் என் பெயரைச் சொன்னால் காவல்காரர் தலையைச் சொறிவார். கூட வேலை செய்த நிருபர்கள் பஸ் ஸ்டாண்டில் கண்டால் நேரத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கேற்றுகள் திறக்க வேண்டுமே.

செல்வராஜ் என்னையும் அக்குறணைக்கு வரச் சொன்னார். “எழுதினவங்களே வந்து சொன்னா மச்சான் மறுக்க மாட்டாரு” என்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது போட்டுவிடுவதற்கு அவளுடைய குளிர்ச் சட்டையை ஒரு பையில் வைத்திருந்தார்.

கடை முதலாளி ஒரு ஹாஜியார், “உள்ளுக்கு வாங்கொ, இருந்து பேசுங்கொ” என்று பின்னால் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். சிவலிங்கம் எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். சண்டைக்காரராகத் தெரியவில்லை. தங்கச்சியை இழந்த முகம், அவ்வளவுதான். பத்திரிகையை வாங்கி ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தார். கல்லில் இறக்கி வைத்த இடம் வந்தபோது குரல் தடுமாறியது. வீடு கடைக்குப் பின்னால்தான், நிரோஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள். செல்வராஜ் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று பயந்தவர் போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்த சிவலிங்கம் பத்திரிகையை மடித்து என்னிடம் நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கீழ உங்க பேருதானே இருக்கு. இது நீங்க சொல்றது. இவரு உங்க வீட்டுக்கு வந்து அழுதிருப்பாரு, நீங்க எரக்கப்பட்டு எழுதிட்டீங்க. அன்னைக்கு வந்தது அப்பிடி இல்லயே. அது பேப்பர் சொன்னது.”

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பாதையைப் பற்றிச் சொன்னேன், லொறியைப் பற்றிச் சொன்னேன். “பாத்தவங்க ஒருத்தர் பேர் சொல்லுங்க மிஸ்” என்றார் பொறுமையாக. எந்தப் பெயரையும் வெளியே விடமாட்டேன் என்று அந்தச் சனங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

“வேணும்னா புள்ளையவே கேளுங்க” என்றார் சிவலிங்கம். யாரும் கேட்கவில்லை. நிரோஷா தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள். போ என்ற அந்தச் சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. செல்வராஜ் தேத்தண்ணியைக் குடித்தார். குளிர்ச் சட்டையைப் பையோடு அவளிடம் கொடுத்தார்.

மாத்தளை வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. செல்வராஜ் திடீரென்று கேட்டார்.

“மிஸ், அந்த மொதப் பேப்பர்ல லேட்டுன்னு சொன்னது யாரு?”

“ஆஸ்பத்திரியில யாரோ, தம்பி.”

“அவரு பேரு?”

“போடல.”

“ஏன் போடல?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த மனிதனிடம் அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

“யாரும் கேக்கல” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கணக்குப் புரிந்த பிள்ளையைப் போல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“எங்ககிட்ட மட்டும் எல்லாரும் கேட்டாங்களே மிஸ்.”

கண்டி பஸ் வந்தது. ஓர் இடம்தான் இருந்தது, என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். நிரோஷா அக்குறணையில், மாமா வீட்டிலேயே வளர்ந்தாள்.